தண்ணீர் தெளிந்ததும் கோப்பிபாட் காணோம்: வெயில்தான் கொல்கிறதா?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் இரண்டு குளத்தில் வன்னாமெய் இறால் போடப் போகிறேன். பிளீச்சிங் போட்டு, தவிட்டுக் கரைசல் விட்டதில் இறால் குஞ்சுக்கு இரையாகும் கோப்பிபாட் என்ற பொடி உயிரி நன்றாகவே வந்தது. சித்திரை வெயிலில் தண்ணீர் தெளிந்து தரை தெரிகிறது. இப்போது மதியம் வலை போட்டால் ஒன்றும் சிக்கவில்லை. புற ஊதாக் கதிர் கொல்கிறது, குளம் முழுக்க நிழல்வலை கட்டு என்கிறார் ஒருவர். கட்டலாமா ஐயா?

பதில்: கட்ட வேண்டாம். செலவு ஒரு பக்கம். நிழல் விழுந்தால் நுண்பாசி வளராது, ஆக்சிஜனும் குறையும். ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி.

உங்கள் ஊரில் சித்திரை பிறந்த சில நாளில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. வருடத்திலேயே புற ஊதாக் கதிர் மிகக் கடுமையாக இருக்கும் காலங்களில் இது ஒன்று. அதில் யு.வி.-பி எனப்படும் 280 முதல் 315 நானோமீட்டர் வரையிலான கதிர் உயிரணுவின் டிஎன்ஏவையே குலைக்கும். வளர்ந்த கோப்பிபாட் பகலில் கீழே இறங்கிப் பிழைத்துக்கொள்ளும். முட்டைக்கும் அன்று பொரித்த நாப்ளியஸ் என்ற குஞ்சுக்கும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் காலனஸ் என்ற கோப்பிபாடின் முட்டைகளை வைத்துப் பார்த்தபோதும் யு.வி.-பி பட்டவை நிறைய செத்தன. டிஎன்ஏவில் விழுந்த பழுதைச் சரிசெய்யும் நொதி ஒன்று இவற்றிடம் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அது வேலை செய்யவும் வெளிச்சம் வேண்டும்.

தெளிந்த நடுக்கடலில் இந்தக் கதிர் 10 மீட்டருக்கும் கீழே போகும். பச்சையோ பழுப்போ பிடித்த குளத்தில் ஒரு ஜாணுக்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிவிடும். உங்கள் குளம் நாலடி ஆழம், தரை வேறு தெரிகிறது என்றால் கோப்பிபாடுக்கு ஒளிய இடமே இல்லை. ஆக, தண்ணீரின் கலர்தான் அதற்குக் குடை. தெளிவு பார்க்கத் தண்ணீரில் இறக்கும் செக்கி தட்டு 30–40 செ.மீ.யில் மறையும்வரை தவிட்டுக் கரைசலை வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் காலையில் விடுங்கள். மேகமூட்டமான நாளில் விடாதீர்கள். ராத்திரி ஆக்சிஜன் இறங்கிவிடும்.

அதற்கு முன்னால் ஒன்று. மதியம் வலை போட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் கரையோரம் டார்ச் அடித்துப் பாருங்கள். உயிரோடு இருந்தால் வெளிச்சத்துக்குக் கூடி வரும். அப்போதும் இல்லையென்றால் வெயிலை மட்டும் பழிக்க முடியாது. பிளீச்சிங் மிச்சம் இருக்கிறதா என்று குளோரின் சோதனைக் கிட் வைத்துப் பாருங்கள். காலையும் மாலையும் தண்ணீரின் பி.எச். (கார அமில அளவு) எடுங்கள். பொடி மீன் ஏதாவது உள்ளே புகுந்து தின்கிறதா என்றும் கவனியுங்கள். என் அனுபவத்தில் பாதிக் குளத்தில் திருடன் மீன்தான்.

வெயில்தானா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமா? இரண்டு தொட்டியில் ஒரே தண்ணீர், ஒரே அளவு கோப்பிபாட். ஒன்றை ஜன்னல் கண்ணாடியால் மூடுங்கள், அது யு.வி.-பியைத் தடுத்து வெளிச்சத்தை விடும். மற்றதை மெல்லிய சாதா பாலித்தீன் தாளால் மூடுங்கள்; அது இரண்டையும் விடும். இரண்டையும் குளத்திலேயே மிதக்கவிட்டால் சூடு ஒரே மாதிரி இருக்கும். மூன்று நாள் கழித்து எண்ணுங்கள். பாலித்தீன் தொட்டியில் மட்டும் குஞ்சுகள் குறைந்திருந்தால் உங்கள் நண்பர் ஜெயித்தார்.

நிழல்வலை வாங்கியே தீருவேன் என்றால், கோப்பிபாட் பெருக்கும் சின்ன சிமெண்ட் தொட்டிக்கு மட்டும், காலை பத்திலிருந்து மூன்று மணி வரை போடுங்கள். பக்கத்துக் குளத்திலிருந்தோ ஓடையிலிருந்தோ கோப்பிபாடை அள்ளி வந்து ஊற்றிவிடாதீர்கள், இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸும் கூடவே வந்துவிடும்.