'யூ மைட் வான்ட் டு' என்று மேலாளர் சொன்னால் செய்தே ஆக வேண்டுமா?

கேள்வி: வெளிநாட்டுக் குழுவோடு வேலை பார்க்கிறேன். என் அறிக்கையைப் படித்த மேலாளர், 'யூ மைட் வான்ட் டு லுக் அட் செக்‌ஷன் டூ அகெய்ன்' என்றார். விருப்பம் இருந்தால் பார்க்கச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அப்புறம், ஏன் திருத்தவில்லை என்று கேட்டார். இந்த மாதிரிப் பேச்சை எப்படிக் கற்றுக்கொள்வது?

பதில்: செய்தே ஆக வேண்டும். அவர் போட்டது உத்தரவுதான், பணிவாகச் சொல்லியிருக்கிறார்.

இணையத்தில் கிடைக்கும் இடியம் (மரபுத்தொடர்) பட்டியல்களை உருப்போடாதீர்கள். 'பால்பார்க் ஃபிகர்' என்றால் தோராயக் கணக்கு, 'டச் பேஸ்' என்றால் ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. இவை புரியாவிட்டால் புரியவில்லை என்றாவது தெரியும், கேட்டுவிடலாம். ஆபத்து, எளிய சொற்களில் வரும் நாசூக்கில்தான். புரிந்துவிட்டதாக நினைத்து நகர்ந்துவிடுவோம். 'ஐ ஹியர் வாட் யூ ஆர் சேயிங்' என்பது சம்மதம் அல்ல, பெரும்பாலும் மறுப்புக்கு முன்னுரை. 'ஐ ஹேவ் எ ஃபியூ கன்சர்ன்ஸ்' என்றால் ஆட்சேபம் பலமாகவே இருக்கலாம். 'பெர் மை லாஸ்ட் இமெயில்' என்று வந்தால், முந்தைய மெயிலை ஏன் படிக்கவில்லை என்று கடிந்துகொள்கிறார்.

ஆளின் ஊரையும் பாருங்கள். பிரிட்டனில் 'க்வைட் குட்' என்பது பல நேரம் 'பரவாயில்லை' என்ற அளவுதான். அமெரிக்கர் சொன்னால் நிஜப் பாராட்டு. கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரு நாட்டினரும் ஒரே கூட்டத்தில் இருந்தால் அவர்களுக்கே குழப்பம் வரும்.

சந்தேகம் வந்தால் அர்த்தம் கேட்காதீர்கள், வேலையையும் தேதியையும் கேளுங்கள்: 'ஷுட் ஐ ரிவைஸ் இட் பை ஃப்ரைடே?' யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். யார் எதைச் சொன்னார், அடுத்து என்ன நடந்தது என்று குறித்துவைத்தால் ஒவ்வொருவரின் பாணியும் சீக்கிரம் பிடிபடும்.

நீங்கள் பேசும்போது இடியமே தேவையில்லை. 'குட் யூ' (could you) சேர்த்துக் கேட்டாலே போதுமான பணிவு.

வேலை போவதைப் பற்றிய சொற்களில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'லெட் கோ', 'மேட் ரிடண்டன்ட்' இரண்டுமே வேலை போய்விட்டது என்பதுதான். 'ரீஸ்ட்ரக்சரிங்' ஆட்குறைப்புக்கு முன்னோட்டமாக இருக்கலாம். 'கார்டனிங் லீவ்' விடுமுறை அல்ல. நோட்டீஸ் காலத்தில் சம்பளம் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொல்வது, அதுவரை போட்டி நிறுவனத்தில் சேர முடியாது. இப்படி ஏதாவது காதில் விழுந்தால் நாசூக்கு பார்க்காமல் கடைசி வேலைநாள் எது, சம்பளம் எதுவரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.