பழைய பிக்கப்பில் பிறேக் பாட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

தொண்ணூறுகளில் வந்த பிக்கப், பிறேக் பிடித்தால் முன்பக்கம் கிரீச்சிடுகிறது, பாட்டை (சில்லோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டையை) நானே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றலாம். நானும் பிழைவிட்டுத்தான் பழகினேன்.

முதல் தரம் சில்லைக் கழற்றாமலே டோர்ச் அடித்து வெளிப்பக்கப் பாட்டை மட்டும் பார்த்தேன், பாதி இருந்தது, சரி இன்னும் ஆறு மாதம் ஓடும் என்று விட்டுவிட்டேன். இரண்டு கிழமையில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம். கழற்றினால் உள்பக்கப் பாட்டில் தகடு மட்டும்தான் மிச்சம், டிஸ்க்கில் விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு. பாட்டுகளை டிஸ்க்கோடு அழுத்தும் கலிப்பர் நகர்வதற்கான சிலைட் பின் (ஊசி) துருவேறி இறுகிவிட்டதால் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஊர்காவற்றுறைக்கு மீன் ஏற்றப் போய்வருகிற வண்டி, யாழ்ப்பாணத்துப் பண்ணை வீதியில் இரண்டு பக்கமும் கடல், துரு பிடிக்காமல் என்ன செய்யும்? (பாட்டைத் தள்ளும் பிஸ்டன் நான்கு உள்ள கலிப்பர் என்றால் இந்தச் சிலைட் பின் இருக்காது, பிஸ்டன் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.)

ஆகவே சில்லைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். பின்பக்கச் சில்லுக்குக் கல் வைத்து, வண்டி நிலத்தில் நிற்கும்போதே நட்டை இளக்கி, ஜக்கால் தூக்கியதும் வண்டியைத் தாங்கும் ஸ்ராண்டில் இருத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். உராயும் பகுதி 3 மில்லிமீற்றர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டியதுதான், அதுவும் முன் சில்லு இரண்டுக்கும் சேர்த்து, இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். டிஸ்க் எவ்வளவு வரை தேயலாம் என்பது பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும்.

கலிப்பரை பிறேக் ஒயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். புதுப் பாட் தடிப்பு, பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அதற்கு முன் பிறேக் ஒயில் போத்தலைப் பாருங்கள், நிரம்பியிருந்தால், பிஸ்டன் திருப்பித் தள்ளும் ஒயில் வழிந்து பெயின்ற்றைத் தின்றுவிடும். சிலைட் பின்னைத் துடைத்து பிறேக்குக்கான கிறீஸையே பூசுங்கள், சாதாரண கிறீஸ் றப்பரை ஊதவைக்கும். தூசியை ஊத வேண்டாம், பழைய பாட்டில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். பின் சில்லில் டிஸ்க்குக்குப் பதில் டிரம் பிறேக் என்றால் அதை நான் கராஜ் பாஸிடம்தான் கொடுப்பேன், அந்த ஸ்பிரிங்குகளோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமையில்லை.

பூட்டி முடித்ததும், வண்டியை எடுக்கும் முன், பெடல் இறுகும் வரை பலமுறை மிதியுங்கள், முதல் மிதி அடிவரைக்கும் போகும். நான் அதை மறந்து றிவேர்ஸ் எடுத்துப் படலையை உடைத்தேன். அம்மா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.