பருக் குழிகளுக்கு எந்தச் சிகிச்சை?

கேள்வி: எனக்கு வயது 27. சொந்த ஊர் பாலக்கோடு. ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கல்லூரி நாள்களில் வந்த பருக்கள் பெரும்பாலும் அடங்கிவிட்டாலும், இரண்டு கன்னங்களிலும் குழிகள் நின்றுவிட்டன. தை மாதம் திருமணம். பெங்களூரில் உள்ள ஓர் அழகு சிகிச்சை மையத்தில், ஆறு முறை லேசர் செய்தால் முகம் சமமாகிவிடும் என்றும், ஆடி முடிவதற்குள் முழுப் பணத்தையும் கட்டினால் தள்ளுபடி உண்டு என்றும் சொல்கிறார்கள். கட்டலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம். லேசர் நல்ல சிகிச்சைதான். ஆனால் உங்கள் கன்னத்தில் இருப்பவை எந்த வகைக் குழிகள் என்று ஒருவரும் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதைச் சொல்லாமலேயே ஆறு முறை என்று எப்படிக் கணக்கிட்டார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

பருவினால் உண்டாகும் குழிகள் மூன்று வகைப்படும். ஊசியால் குத்தியதைப் போல வாய் குறுகி, 2 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் ஆழமாக இறங்குபவை ஐஸ்பிக் குழிகள். விளிம்பு செங்குத்தாக வெட்டினாற்போல இருந்து அடி தட்டையாக இருப்பவை பாக்ஸ்கார் குழிகள். விளிம்பே தெரியாமல், 4 மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, கன்னத்தை மேடுபள்ளமாகக் காட்டுபவை ரோலிங் குழிகள். பெரும்பாலோருக்கு இம்மூன்றும் கலந்தே இருக்கும். மாலையில் ஒரு சன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் கன்னத்தில் சரிந்து விழும்போது கண்ணாடியில் பாருங்கள். பிறகு இரண்டு விரல்களால் தோலை மெல்ல இழுத்துப் பிடியுங்கள். இழுத்ததும் மறைகிற பள்ளம் ரோலிங் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்; மறையாமல் நிற்பவை மற்ற இரண்டில் ஒன்று. மருத்துவர் செய்யும் சோதனைக்கு இது ஈடாகாது என்றாலும், அவரிடம் என்ன கேட்பது என்பது உங்களுக்குத் தெளிவாகும்.

ரோலிங் குழிகளில், தோலின் அடியில் உருவான நார்கள் மேல்தோலைக் கீழ்நோக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. பஞ்சு மெத்தையில் தையல் விழுந்த இடம் குழிந்திருப்பதைப் போன்றது அது. தையலை அறுக்காமல் மேலே எதைச் செய்தாலும் குழி எழும்பாது. ஆகவே மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலுக்கு அடியில் ஊசியைச் செலுத்தி அந்த நார்களை அறுத்துவிடும் சப்சிஷன் என்ற சிகிச்சையே இவற்றுக்கு முதலில் தேவைப்படும். ஓரிரு வாரங்கள் வீக்கமும் நீலம்பாய்ந்த கன்றலும் இருக்கும். சிலருக்கு மறுமுறையும் செய்ய வேண்டிவரும். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம் என்பதாலோ என்னவோ, விளம்பரங்களில் இதன் பெயர் அதிகம் காணப்படுவதில்லை.

ஐஸ்பிக் குழிகளின் ஆழத்துக்கு லேசர் பெரும்பாலும் எட்டுவதில்லை. செறிவு மிகுந்த டி.சி.ஏ. அமிலத்தை ஒவ்வொரு குழியின் அடியிலும் நுண்ணிய முனையால் தொட்டுவைக்கும் கிராஸ் முறையோ, குழியை வட்டமாக வெட்டி எடுத்துத் தைக்கும் பஞ்ச் முறையோதான் இவற்றுக்குப் பொருந்தும். பாக்ஸ்கார் குழிகள் ஆழம் குறைந்தவையாக இருந்தால் லேசர், நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங் இரண்டுமே பலன் தரும். ஆழமானவற்றுக்குப் பஞ்ச் முறை வேண்டியிருக்கலாம். தோலுக்கு அடியில் நிரப்புப்பொருளைச் செலுத்தும் ஃபில்லர் ஊசி பள்ளத்தை உடனே நிரப்பினாலும், வழக்கமாகப் பயன்படும் வகை சில மாதங்களில் கரைந்துபோகும் என்பதால் அதைக் கடைசியில் யோசிக்கலாம்.

நம் மாநிறத் தோலுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சூடோ காயமோ பட்ட இடத்தில் நம் தோல் எளிதில் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு மறையப் பல மாதங்கள் ஆகலாம். ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் வலிமையானது; ஆனால் அதன் சக்தியை நம் நிறத்துக்கேற்பக் குறைத்து வைக்கத் தெரிந்தவர் கையில்தான் அது பாதுகாப்பானது. ஊசிமுனை வழியாகத் தோலின் உள்ளடுக்கில் வெப்பத்தைச் செலுத்தும் ரேடியோ அலைவரிசை மைக்ரோநீட்லிங் முறையில் மேல்தோல் அதிகம் சுடுபடாததால், கறுக்கும் அபாயம் ஒப்பீட்டளவில் குறைவு. உங்களைப் போன்றோருக்கு, சப்சிஷனுக்குப் பிறகு இதைத்தான் நான் முதலில் பரிசீலிப்பேன். எதைச் செய்தாலும் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்கிரீனைப் பகலில் தவறாமல் பூச வேண்டும்.

அடுத்து, காலம். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நான்கு முதல் ஆறு வாரங்கள் இடைவெளி வேண்டும். தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாகித் தோல் நிரம்புவதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். ஆகவே தை மாதத்துக்குள் மூன்று, நான்கு முறைக்கு மேல் இயலாது. அதுவும் கார்த்திகை நடுவிலேயே நிறுத்திவிட வேண்டும். மீதியைத் திருமணத்துக்குப் பின் தொடரலாம். குழிகள் ஆழம் குறைந்து, புகைப்படத்தில் நிழல் விழாத அளவுக்கு மென்மையாகலாம். அடியோடு மறையும் என்று வாக்களிப்பவரை நம்ப வேண்டாம்.

பருக்கள் ‘பெரும்பாலும்’ அடங்கிவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் அவற்றைக் கட்டுப்படுத்த வேண்டும்; இல்லையேல் ஒரு பக்கம் குழி நிரம்ப, மறுபக்கம் புதுக்குழி விழும். பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தாலோ, மார்பு, தோள் பகுதிகளில் தழும்பு தடித்து வளரும் இயல்பு இருந்தாலோ, உதட்டோரம் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வந்தாலோ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை அளிப்பவர் எம்.டி. (டி.வி.எல்.) அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் மருத்துவரா, அவரே செய்வாரா, உதவியாளர் செய்வாரா என்பதையும் கேளுங்கள். குழியின் வகையை அறிவதற்காக மட்டும் பெங்களூர் போக வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவிலேயே காட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: என் மகனுக்கு 16 வயது, முகம் நிறையப் பருக்கள். குழி விழாமலிருக்க, நுண்ணூசிகள் பதித்த டெர்மா ரோலர் வாங்கி உருட்டப்போகிறேன் என்று ஆன்லைனில் ஆர்டர் செய்திருக்கிறான். அதுவரை மருந்துக்கடையில் கொடுத்த சிவப்பழகு கிரீமைப் பூசுகிறான். இது சரியா?
– ஒரு தாய், அரூர்

பதில்: இரண்டுமே கூடாது. பரு உள்ள முகத்தில் ரோலரை உருட்டினால், ஒரு பருவின் சீழும் கிருமியும் பக்கத்துத் தோலுக்குப் பரவும். வீட்டு உபயோகத்துக்கென விற்கும் குறுகிய ஊசிகள் குழி இருக்கும் ஆழத்தைத் தொடவே தொடாது. நீண்ட ஊசிகளை வீட்டில் கையாள்வது ஆபத்து. மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கும் சிவப்பழகு கிரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் வாரத்தில் முகம் பளிச்சென்று தெரிந்தாலும், பின்னர் பருக்கள் கூடி, தோல் மெலிந்து, கிரீமை நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். அந்த டியூபை எடுத்துக்கொண்டு, மகனையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். பருவின் கடுமையைப் பார்த்து, அடாபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பூச்சு மருந்துகளோ மாத்திரைகளோ அவர் தருவார். பலன் தெரிய இரண்டு, மூன்று மாதங்கள் ஆகும் என்பதை மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். பருவைக் கிள்ளாமலும் பிதுக்காமலும் இருக்கச் சொல்லுங்கள். ரோலர் வந்து சேர்ந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.