மின்கம்பி அறுந்து தரையில் கிடந்தும் துணை மின்நிலையத்தில் ரிலே ஏன் செயல்படாமல் போகிறது?

துணை மின்நிலையங்களில் ரிலே சோதனைப் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மின்பாதையில் கோளாறு வந்தால், மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கருக்கு உத்தரவு தரும் கருவிதான் ரிலே. கம்பி அறுந்ததை அது அறிவதில்லை. மின்னோட்டத்தின் அளவை மட்டுமே அது அறியும்.

துணை மின்நிலையத்திலிருந்து ஊர்களுக்குச் செல்லும் மின்பாதையான 11 கிலோவோல்ட் ஃபீடரின் மூன்று ஃபேஸ்களிலும் சி.டி.க்கள், அதாவது மின்னோட்டத்தைச் சிறிதாக்கி ரிலேவுக்குத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்கள், இருக்கும். அவற்றின் மின்னோட்டங்கள் ஒன்றுசேர்ந்து, மண்ணுக்குள் பாயும் மின்னோட்டத்தைக் கண்டறியும் எர்த் ஃபால்ட் ரிலேவுக்குள் செல்கின்றன. குறையேதும் இல்லாதவரை அவை ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்வதால் ரிலேவுக்கு ஏறக்குறைய எதுவும் போய்ச் சேர்வதில்லை. 200 ஆம்பியரை 1 ஆம்பியராகக் குறைக்கும் 200/1 சி.டி.யில் ரிலேவை 20 சதவீதத்தில் வைத்திருந்தால், மண்ணுக்குள் 40 ஆம்பியருக்கு மேல் பாய்ந்தால்தான் அது அசையும். கம்பி இரும்புக் கம்பத்தின் மீது சாய்ந்தால் அந்த அளவு எளிதில் எட்டப்பட்டுவிடும். காய்ந்த தரையில் அப்படியல்ல. தொடுமிடத்தின் தடை 500 ஓம் என்று கொண்டாலே, ஃபேஸுக்கும் மண்ணுக்கும் இடையிலான 6,350 வோல்ட் அழுத்தத்தில் 13 ஆம்பியருக்கும் குறைவாகவே பாயும். மனித உயிருக்கோ 0.03 ஆம்பியரே ஆபத்தானது.

பழைய தட்டு ரிலேயில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த 13 ஆம்பியருக்கு ஈடாக, சோதனைக் கருவியிலிருந்து 0.065 ஆம்பியர் செலுத்தினால், கண்ணாடிக்குப் பின்னால் அலுமினியத் தட்டு அப்படியே நிற்கும். 0.2ஐத் தாண்டிச் சற்று ஏற்றினால்தான் அது மெல்லச் சுழன்று, கான்டாக்டை மூடி, ரிலே செயல்பட்டதைக் காட்டும் கொடியை விழச்செய்யும்.

அப்படியானால் அளவைக் குறைத்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு ஃபீடரில் 10 சதவீதத்துக்கு இறக்கிப் பார்த்தோம். மின்சாரம் திரும்பும்போதெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர்கள் முதல் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தில் சி.டி.க்கள் பிசகி, குறையே இல்லாமல் பிரேக்கர் டிரிப் ஆனது. மூன்று கம்பிகளையும் ஒரே வளையத்துக்குள் கொண்டுவரும் சி.டி.யோடு நுண்ணுணர்வு ரிலேவைப் பொருத்தினால் இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். எல்லாக் கிராம ஃபீடர்களுக்கும் அது வர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. தார்ச்சாலையில் கிடக்கும் கம்பியை அதுவும் தவறவிடக்கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ரிலே சரியாகச் செயல்பட்டு பிரேக்கர் திறந்த பிறகும், குறை நீங்கியதா என்று பார்க்கச் சில நிமிடங்களில் ஃபீடரை மறுபடி சார்ஜ் செய்வது வழக்கம். விழுந்து கிடக்கும் கம்பியைப் பற்றித் தகவல் போய்ச் சேராத வரை, சற்றுமுன் செத்திருந்த அதே கம்பியில் மீண்டும் 11 கிலோவோல்ட் ஏறும்.