பாம்பு இருக்கட்டும், டயரைப் பாருங்கள்: அவுட்பேக் பயணம் பற்றிய கேள்வி-பதில்

ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டு வெளியான அவுட்பேக் பற்றி எழுதிக் கேட்பவர்களில் பெரும்பாலோர் முதலில் பாம்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் அங்கே போகிறவர்களைச் சிக்கலில் தள்ளுவது பெரும்பாலும் தூரமும் வெயிலும்தான். அந்த வரிசையிலேயே பதில்களைத் தருகிறேன்.

ஜூலை விடுமுறையில் பத்து நாள் கிடைக்கிறது. இரண்டு குடும்பம், நான்கு பிள்ளைகள். மெல்பர்னிலிருந்து காரிலேயே உலுரு போய் வர முடியுமா?

முடியும். ஆனால் போனதும் வந்ததும்தான் நினைவில் இருக்கும். அந்தப் பெரிய செம்பாறை நாட்டின் நடுவில் நிற்கிறது, ஒரு வழிக்கே ஏறத்தாழ 2,300 கி.மீ. இணைய வரைபடம் காட்டும் மணிக்கணக்கில் பிள்ளைகளின் பசியும் வாந்தியும் சேராது. அதோடு, மாலை மயங்கும் நேரத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். கங்காருக்கள் சாலைக்கு வரும் நேரம் அது. வேலியில்லாத பண்ணைகளில் மாடுகளும் சாலையிலேயே படுத்திருக்கும். வாடகைக் கார் என்றால், இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே நடந்த விபத்துக்குக் காப்பீடு கிடையாது என்று பல ஒப்பந்தங்களில் எழுதியே இருக்கும். ஜூலையில் மாலை ஆறு மணி வாக்கில் இருட்டத் தொடங்கும். எனவே நாளுக்கு 600 கி.மீ. என்பதே பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதிகம். போக நான்கு நாள், வர நான்கு நாள். மிஞ்சுவது இரண்டு.

உலுருதான் வேண்டுமென்றால் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு விமானத்தில் போய், அங்கே வண்டி எடுங்கள். 450 கி.மீ. தூரமும் தார்ச்சாலை. கார்ப் பயணமே இன்பம் என்றால் உலுருவை இந்த முறை விட்டுவிட்டு மில்டுரா, மங்கோ தேசியப் பூங்கா, புரோக்கன் ஹில், ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடர் என்று ஒரு சுற்றுப் போங்கள். என் ஓட்டு இதற்குத்தான். மங்கோவில், ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வற்றிப்போன ஏரியின் கரையில், சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட மனிதரின் எலும்புகள் 1974இல் கிடைத்தன. பிள்ளைகளுக்கு அந்த மணல்மேட்டைக் காட்டிச் சொல்ல நிறையக் கதை இருக்கிறது. மழை பெய்தால் அங்குள்ள மண் சாலைகளை மூடிவிடுவார்கள் என்பதால் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் கம்பளியை மறக்க வேண்டாம். பாலைவனம் என்றாலே சூடு என்று நினைத்து மெல்லிய போர்வையோடு கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஜூலைதான் குளிர்காலம், இரவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பூஜ்யத்துக்குக் கீழே போவது சாதாரணம்.

மதுரையிலிருந்து அப்பா, அம்மா டிசம்பரில் வருகிறார்கள். "மதுரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது எம்மாத்திரம்" என்கிறார் அப்பா. கூட்டிப்போகலாமா?

வேண்டாம். மதுரையில் வெயில் கொளுத்தினால் நிழலும் இளநீரும் பத்தடியில் இருக்கின்றன. நடு ஆஸ்திரேலியாவில் வண்டி நின்றுபோனால் அடுத்த நிழல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். உலுருவுக்கு அருகிலுள்ள பாறைக் குன்றுகளான கட்டா ஜூட்டாவில் வெப்பம் 36 டிகிரியைத் தொடும் என்ற முன்னறிவிப்பு இருந்தாலே, காற்றுப் பள்ளத்தாக்கு நடைபாதையின் பெரும்பகுதியைக் காலை 11 மணிக்கு மூடிவிடுவார்கள். டிசம்பரில் அது அடிக்கடி நடக்கும். சிம்ப்சன் பாலைவனத்தில் தென் ஆஸ்திரேலிய மாநிலத்துக்குள் வரும் பகுதியை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மொத்தமாகவே மூடிவிடுகிறார்கள். பெற்றோரை டிசம்பரில் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போங்கள். அவுட்பேக் என்றால் மே முதல் செப்டம்பருக்குள் வரச் சொல்லுங்கள்.

நான்கு சக்கர இயக்க வண்டி கட்டாயமா?

நீங்கள் போகும் சாலையைப் பொறுத்தது. போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை முழுக்கத் தார்ச்சாலை. உலுருவுக்கும் அங்கிருந்து கிங்ஸ் கேன்யனுக்கும் சாதாரணக் காரே போதும். ஊட்னடாட்டா தடம், பேர்ட்ஸ்வில் தடம் என்று மண் சாலைகளில் இறங்குவதானால் உயரமான வண்டி வேண்டும், கூடவே இரண்டு ஸ்டெப்னி. சாதாரண வாடகைக் காரை மண் சாலையில் இறக்கினால் காப்பீடு செல்லாது.

டயர் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். மண் சாலையில் இறங்கும்போது டயரின் காற்றைக் குறைக்க வேண்டும். சரளைக் கற்களில் 25 முதல் 28 பிஎஸ்ஐ, ஆழமான மணலில் 18 வாக்கில். சுமைக்கு ஏற்பச் சற்றுக் கூடலாம், குறையலாம். காற்றழுத்தமானியும் சிறிய கம்ப்ரெஸரும் கையில் இருக்க வேண்டும், தார்ச்சாலை ஏறியதும் மறுபடி நிரப்ப வேண்டும். காற்றைக் குறைத்த டயரோடு நூறில் பறந்தால் டயர் சூடேறிக் கிழிந்துவிடும். வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஸ்டெப்னி மாற்றிப் பாருங்கள். மேலே கட்டிய சாமான் முழுவதையும் இறக்கினால்தான் ஜாக்கி கைக்கு வரும் என்பது அப்போதுதான் தெரியும்.

சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போவது? நாங்கள் சைவம்.

சைவம் என்பது இங்கே வசதி. பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் சாலையோர ரோட்ஹவுஸ்களில் சைவத்துக்கு உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர அதிகம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் நம் பொடிகளும் ஊறுகாயும் ஐஸ்பெட்டி கேட்பதில்லை. புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அவல், வறுத்த ரவை, அப்பளம் ஆகியவை இருந்தால் ஒற்றை அடுப்பில் ஒரு வாரம் ஓட்டலாம்.

பச்சையாக எடுத்துப்போவதில்தான் சிக்கல். பழ ஈயைத் தடுக்க, தென் ஆஸ்திரேலியாவுக்குள் பழங்களையும் தக்காளி, பச்சை மிளகாய் போன்றவற்றையும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. மில்டுரா வழியாகப் போனால் யம்பா சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து பார்ப்பார்கள். அபராதமும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவுக்குத் தேன்கூடக் கொண்டுபோக முடியாது. சமைத்த சாதத்துக்குப் பிரச்சினை இல்லை. எலுமிச்சையை வீட்டிலேயே சாதமாக்கிவிடுங்கள், கருவேப்பிலையை வறுத்துப் பொடியில் சேர்த்துவிடுங்கள்.

தண்ணீர், குடிக்க மட்டும் தலைக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டருக்குக் குறையக் கூடாது. சமையலுக்கும் கழுவுவதற்கும் தனி. ஒரே பெரிய தொட்டியில் வைக்காமல் பல கேன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று ஓட்டையானாலும் மற்றவை இருக்கும்.

மூன்று குடும்பம், மூன்று வண்டி. ஒன்றாகப் போவதற்கு ஏதாவது முறை இருக்கிறதா?

இருக்கிறது. மண் சாலையில் முன்னால் போகிற வண்டி கிளப்பும் புழுதியில் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும், அப்போது பார்வையிலிருந்து மறைவார்கள். வழி பிரியும் ஒவ்வோர் இடத்திலும் முன்வண்டி நின்று, பின்வண்டி வந்ததைக் கண்ட பிறகே திரும்ப வேண்டும். ஒவ்வொரு வண்டியிலும் யுஎச்எஃப் ரேடியோ இருக்கட்டும். உங்களுக்குள் பேச 18ஆம் சேனல். லாரிக்காரர்கள் இருப்பது 40இல். ரோடு டிரெயின் எனப்படும், பல பெட்டிகளை இழுத்துப்போகும் 53 மீட்டர் வரை நீளமுள்ள லாரியை முந்துவதற்கு முன் அதன் ஓட்டுநரிடமே கேட்டுவிடலாம்.

உணவு ஒரு வண்டியில், தண்ணீர் இன்னொன்றில் என்று பங்கு பிரிப்பதுதான் நம்மவர்கள் விடாமல் செய்யும் தவறு. எந்த வண்டி தனியே நின்றுபோனாலும் அதில் இருப்பவர்கள் இரண்டு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். நின்றுபோனால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடுபவர்கள் கண்ணில் வண்டிதான் முதலில் படும். கைபேசிச் சிக்னலை நம்பாமல், செயற்கைக்கோள் வழியே நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லி உதவி கேட்கும் பிஎல்பி என்ற அவசரக் கருவியை வாங்கிக்கொள்ளுங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. உயிராபத்து என்றால் மட்டும் அழுத்த வேண்டும்.

கூடாரம் அடிக்க நல்ல இடம் எது?

வறண்ட ஆற்றுமணல் மெத்தைபோல இருக்கும், அங்கே அடிக்காதீர்கள். எங்கோ தொலைவில் பெய்த மழை இரவில் வெள்ளமாக வரலாம். யூகலிப்டஸ் வகையான ரிவர் ரெட் கம் மரத்தடியும் வேண்டாம், காற்றே இல்லாத நாளில்கூடப் பெரிய கிளை முறிந்து விழும். மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலும் தங்காதீர்கள். நீங்கள் இருந்தால் மாடுகள் தண்ணீர் குடிக்க வராது. கழிப்பறை இல்லாத இடத்தில் நீர்நிலையிலிருந்து 100 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள். காகிதத்தைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

உலுரு மேல் ஏறலாமா? அடிவாரத்தில் கூடாரம் போடலாமா?

இரண்டும் முடியாது. ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டிருக்கிறது. அந்த மண்ணின் உரிமையாளர்களான அனங்கு மக்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுக்கொண்டது அது. சுற்றிவர 10.6 கி.மீ. நடைபாதை இருக்கிறது, விடியும்போது தொடங்குங்கள். படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும் இடங்களில் கேமராவைக் கீழே இறக்குங்கள். கூடாரத்துக்கு, உலுரு இருக்கும் தேசியப் பூங்காவுக்கு வெளியே யுலாரா என்ற ஊரில் இடம் இருக்கிறது.

சரி, பாம்பு கடித்தால்?

குளிர்காலத்தில் பாம்பைப் பார்ப்பதே அரிது. கடித்துவிட்டால், ஊரில் பார்த்ததுபோல் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதையும் செய்யக் கூடாது. கழுவவும் கூடாது, தோலில் ஒட்டியுள்ள நஞ்சு பரிசோதனைக்கு உதவும். அகலமான எலாஸ்டிக் பேண்டேஜால் கடிபட்ட கை அல்லது கால் முழுவதையும் அழுத்திச் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, அவசர உதவி எண்ணான 000வை அழையுங்கள். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. தொலைவான இடமென்றால் 1928இல் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவையின் விமானம் வரும்.

ஈத் தொல்லை உண்மையிலேயே அவ்வளவு மோசமா?

ஆம். தலைக்கு ஒரு வலை வாங்குங்கள். பிள்ளைகளுக்கு இரண்டிரண்டாக வாங்குங்கள், ஒன்றை எப்படியும் தொலைப்பார்கள்.