கிழிந்த தொடைக்கு பி.ஆர்.பி. ஊசி வேண்டுமா?

கேள்வி: எனக்கு 23 வயது. கபடியில் ரைடர். 10 நாளைக்கு முன்னால் நடுக்கோட்டுக்குத் திரும்பி ஓடும்போது இடது தொடையின் பின்பக்கம் 'டப்' என்றது. ஹாம்ஸ்ட்ரிங் தசை கொஞ்சம் கிழிந்திருப்பதாக ஸ்கேனில் சொன்னார்கள். இப்போது நொண்டாமல் நடக்கிறேன். என் ரத்தத்தையே எடுத்து பி.ஆர்.பி. ஊசி போட்டால் சீக்கிரம் ஆடலாம் என்கிறார் ஒருவர். ஜிம் நண்பரோ 'குரோத் ஃபேக்டர்' என்று ஒரு குப்பியைக் காட்டுகிறார். எதைப் போடலாம்?
- பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம்

பதில்: தம்பி, குப்பியை முதலில் நண்பரிடமே திருப்பிக் கொடுங்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்றவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். உண்மையிலேயே ஐ.ஜி.எஃப்-1 மாதிரி வளர்ச்சிக் காரணியாக (செல்களை வளரத் தூண்டும் புரதம்) இருந்தால், அது உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் உள்ளது. மாட்டினால் ஆட்டமே போச்சு.

பி.ஆர்.பி.க்குத் தடை இல்லை. தசைக்குள் போடுவதை 2010-ல் தடுத்தார்கள், 2011-ல் விலக்கிவிட்டார்கள். ரத்தத்தைச் சுழற்றி, பிளேட்லெட் அடர்ந்த பகுதியைக் காயத்தில் செலுத்துகிறார்கள். நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் நெதர்லாந்தில் 80 ஹாம்ஸ்ட்ரிங் காயக்காரர்களுக்கு, சிலருக்கு பி.ஆர்.பி.யும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் போட்டுப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது: களத்துக்குத் திரும்ப இரு தரப்புக்கும் நடுமதிப்பு (பாதிப் பேர் திரும்பிவிட்ட நாள்) அதே 42 நாள்!

காரணம் இதுவாக இருக்கலாம்: பிளேட்லெட் ஒரு கதம்ப மூட்டை. தசையை வளர்க்கும் ஐ.ஜி.எஃப்-1 இருக்கும் அதே மூட்டையில், தழும்பை வளர்க்கும் டி.ஜி.எஃப்-பீட்டாவும் இருக்கிறது. உங்கள் உடம்போ இவற்றை வரிசை பார்த்து இறக்குகிறது. முதல் சில நாளில் மேக்ரோஃபேஜ் செல்கள் செத்த இழைகளை அள்ளிப் போடும். தசை இழைகளை ஒட்டித் தூங்கிக்கொண்டிருக்கும் சாட்டிலைட் செல்களை எச்.ஜி.எஃப். என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி எழுப்பும். ஐ.ஜி.எஃப்-1 அவற்றைப் பெருக்கிப் புது இழையாக்கும். டி.ஜி.எஃப்-பீட்டா அளவோடு இருந்தால் ஒட்டுப் போடும், மிஞ்சினால் தழும்பு.

அந்தத் தழும்பை எனக்கு நேரடியாகத் தெரியும். கல்லூரியில் 400 மீட்டர் ஓடியபோது எனக்கும் இதே இடம்தான் கிழிந்தது. மூன்று வாரம் கட்டிலில் கிடந்தேன், வலி போனது, நேராகப் போய் ஓடினேன். இரண்டாவது வளைவிலேயே மறுபடி 'டப்'. இப்போதும் அங்கே விரலை வைத்தால் புளியங்கொட்டை மாதிரி ஒன்று தட்டுப்படும்.

நான் செய்யாமல் விட்டது, தசைக்குப் படிப்படியாகப் பாரம் கொடுப்பது. இழுவிசை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில்தான் புது இழை அடுக்கிக்கொள்ளும். டென்மார்க்கில் 50 பேரிடம் பார்த்தார்கள். காயம் பட்ட 2-ம் நாளே பயிற்சியைத் தொடங்கியவர்கள் 62.5 நாளில் திரும்பினார்கள், 9-ம் நாள் தொடங்கியவர்களுக்கு 83 நாள் ஆனது.

ஆகவே இன்றே ஆரம்பியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து குதிகாலைத் தரையில் அழுத்தி 10 எண்ணுங்கள். வலி லேசாக இருந்தால் பரவாயில்லை, சுருக்கென்று குத்தினால் அழுத்தத்தைக் குறையுங்கள். அப்புறம் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, பிறகு மெல்லோட்டம், கடைசியாகத்தான் அந்தத் திடீர்த் திருப்பம். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கூட இருந்து பார்த்தால் நல்லது. ஊசிக்கு எடுத்து வைத்த பணம் அதற்குத் தாராளமாகப் போதும். எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது இப்போதைக்கு வேண்டாம்.

ஒன்று மட்டும்: உட்காரும் எலும்புக்குக் கீழே பள்ளம் தட்டுப்பட்டால் பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். தசைநாண் எலும்பை விட்டே பிய்ந்திருக்கலாம். அது வேறு வைத்தியம்.