பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் சில கேள்விகள்

வணக்கம். திருநெல்வேலி டவுனில் 26 வருஷமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குச் சுகர் என்று தெரிந்தது. அதிலிருந்து, கடைக்கு வருகிற ஒவ்வொரு புதுப் பாக்கெட்டையும் அலமாரியில் ஏற்றுவதற்கு முன்னால் பின்பக்கத்தைப் படித்துவிடுவேன். எதை நம்பி வாங்குவது என்று குழப்பம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன், நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். மருந்து, மாத்திரை பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு டாக்டர்தான்.

வள்ளியூரில் இருந்து ஓர் அம்மா: பையனுக்குத் தினமும் ராகி பிஸ்கட் கொடுத்துவிடுகிறேன். மற்ற பிஸ்கட்டுக்கு இது நல்லதுதானே அண்ணாச்சி?

இந்தக் கேள்விக்காகவே ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். முன்னால் கேழ்வரகுக் கதிர் படம், பச்சை நிறம், பார்த்தாலே வயல் ஞாபகம் வருகிறது. திருப்பினால் முதல் பெயர் 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்', அதாவது மைதா. அடுத்தது சீனி, அதற்கடுத்தது பாமாயில், நாலாவதாகத்தான் ராகி மாவு, பக்கத்திலேயே 9 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எந்தப் பொருள் எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும், அப்படியே இறங்குவரிசையில் போக வேண்டும் என்பது சட்டம். படம் போட்டு எதைப் பெருமையாகக் காட்டுகிறார்களோ அது எத்தனை சதவீதம் என்றும் சொல்லியாக வேண்டும். இந்த ரெண்டும் தெரிந்தால் பாதி ஏமாற்றம் போய்விடும். 100 கிராம் பாக்கெட்டை உங்கள் பையன் முழுசாகத் தின்றாலும் உள்ளே போகிற ராகி 9 கிராம், ஒரு பெரிய கரண்டி மாவு கூட வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சீனியை ஒரே பெயரில் எழுதினால் மேலே வந்துவிடும் என்பதால் சீனி, இன்வர்ட் சிரப், குளுக்கோஸ் சிரப் என்று மூன்றாகப் பிரித்து, மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இருப்பது போலக் கீழே தள்ளி வைக்கிற பாக்கெட்டுகளும் உண்டு. மூன்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். பிஸ்கட்டுக்குப் பதிலாக முருங்கைக்கீரை போட்ட ராகி அடை ஒன்று, இல்லையென்றால் ஒரு கை வறுத்த நிலக்கடலை கொடுத்துவிடுங்கள். முதல் ரெண்டு நாள் முகம் சுளிப்பான், அப்புறம் அவனே கேட்பான்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவி: 'சுகர் ஃப்ரீ'யும் 'நோ ஆடட் சுகர்'ரும் ஒன்றா?

இல்லை தாயி. சுகர் ஃப்ரீ என்று போட வேண்டுமானால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. நோ ஆடட் சுகர் என்றால் தனியாகச் சேர்க்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம், பேரீச்சம்பழத்தில் செய்திருந்தால் அதில் உள்ள இனிப்பு முழுக்க உள்ளேதான் இருக்கும். ரெண்டிலுமே மைதா இருக்கலாம், எண்ணெய் இருக்கலாம். மாவும் உடம்புக்குள் போய்ச் சர்க்கரையாகத்தான் மாறுகிறது.

மேலப்பாளையத்தில் இருந்து ஒரு தம்பி: பழ ஜூஸ் பாக்கெட் குடிக்கலாமா?

அதில் 'ஃப்ரூட் டிரிங்க்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகைக்குப் பழச்சாறு 10 சதவீதம் இருந்தாலே போதும், மீதி தண்ணீரும் சீனியும். 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால் 200 மில்லி குடிக்கிறவருக்கு 26 கிராம். ஒரு நாளைக்கு மொத்தமே 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தண்ணீரை வற்றவைத்துக் கெட்டியாக்கிய பழச்சாற்றில் மறுபடி தண்ணீர் கலந்து தயாரித்ததை '100 சதவீதம் பழச்சாறு' என்று போடக் கூடாது, அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2024 ஜூனில் உத்தரவு போட்டது. நம் ஊரில் நுங்கு இருக்கிறது, இளநீர் இருக்கிறது, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் இருக்கிறது.

சுரண்டை, ஒரு பெரியவர்: சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக்கு மாறிவிட்டேன். இனி சுகரைப் பற்றிப் பயப்பட வேண்டாம்தானே?

ஐயா, இதை நான் ரொம்ப வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் கருப்பட்டிக் காபி இல்லாமல் விடியாத வீட்டில் பிறந்தவன் நான். கருப்பட்டியும் சர்க்கரைதான். சீனியில் இல்லாத தாதுச்சத்து கொஞ்சம் அதில் இருக்கிறது, மணம் இருக்கிறது, நம் பனையேறிகளின் உழைப்பு இருக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் ரத்தத்தில் சுகர் ஏறத்தான் செய்யும். கருப்பட்டிதானே என்று ஒரு நாளைக்கு நாலு டம்ளர் குடித்துவிட்டு அளவு குறையவில்லையே என்று வருகிறவர்கள் எத்தனையோ பேரைக் கடையில் பார்க்கிறேன். சுகர் உள்ளவர்கள் எவ்வளவு சேர்க்கலாம் என்று உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அது போக, நீங்கள் வாங்குவது கருப்பட்டிதானா என்பது வேறு கேள்வி. சில வருஷத்துக்கு முன்னால், பனை சீசன் முடிந்து மழைக்காலத்தில், ஒருவர் மலிவாகத் தருகிறார் என்று ஒரு சிப்பம் எடுத்தேன். ஒரு வட்டை உடைத்து வெளிச்சத்தில் பார்த்தபோது உள்ளே பொடிப்பொடியாகச் சீனிக்கல் மின்னியது. நாக்கில் வைத்தால் நேரான இனிப்பு, பனையின் அந்த லேசான கரிப்பு இல்லை. முழுவதையும் திருப்பி அனுப்பினேன், போட்ட பணம் வரவில்லை. சீசன் இல்லாதபோது நல்ல கருப்பட்டி விலை ஏறத்தான் செய்யும், இறங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அந்தப் பெயரைச் சொல்லி எதையாவது தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தெரிந்த ஆளிடம் வாங்குங்கள், உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அம்பாசமுத்திரம், புதிதாகக் கல்யாணமான பெண்: மரச்செக்குக் கடலெண்ணெய் ஒரு இடத்தில் லிட்டர் 180, இன்னொரு இடத்தில் 300க்கு மேல். எதை வாங்க?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். செக்கில் ஒரு கிலோ கடலெண்ணெய் எடுக்கக் கிட்டத்தட்ட இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பருப்புக்கே 325 ஆகிறது. ஒன்றரை கிலோ பிண்ணாக்கு மிஞ்சும், அதை விற்று 75 ரூபாய் வந்தால்கூட 250 நிற்கிறது. ஒரு லிட்டர் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள், அப்புறம் கரண்ட், கூலி, பாட்டில், கடைக்காரன் லாபம் எல்லாம் சேர்த்துக்கொள்ளுங்கள். 180க்கு எப்படிம்மா கொடுக்க முடியும்? பருப்பு விலை மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் வாங்குகிற அன்றைய விலையை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். பாட்டிலில் செக்குப் படம் போட்டிருந்தாலும் பின்னால் 'பிளெண்டட்' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் வேறு எண்ணெய் கலந்தது. நல்ல எண்ணெய் வாங்கிவிட்டோம் என்று தாராளமாக ஊற்றவும் வேண்டாம்.

தென்காசி, ஒரு அப்பா: பிள்ளைக்கு ஹெல்த் டிரிங்க் எது நல்லது?

'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகை நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளிடம் அந்தத் தலைப்பில் இந்தப் பொடிகளை விற்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. வீட்டில் வறுத்து அரைத்த சத்துமாவுக் கஞ்சி கொடுங்கள். வாரத்தில் ஒரு நாள் நல்லெண்ணெய் விட்டு உளுந்தங்களி.

சங்கரன்கோவில், வெளியூரில் வேலை பார்க்கும் தம்பி: அல்வாவையும் பரோட்டாவையும் அடியோடு விடணுமா அண்ணாச்சி?

வேண்டாம் தம்பி. அல்வாவில் சம்பாக் கோதுமைப் பால், சீனி, நெய் என்று எல்லோருக்கும் தெரியும், அது உன்னிடம் எதையும் மறைக்கவில்லை. ஊருக்கு வரும்போது 50 கிராம் வாங்கி இலையில் வைத்துச் சந்தோஷமாகச் சாப்பிடு. பரோட்டாவும் அப்படித்தான், மாதத்தில் ஒன்றிரண்டு நாள் போதும். உன்னைக் கெடுப்பது நீ இனிப்பு என்றே நினைக்காமல் தினமும் தின்கிறதுதான்: காலையில் தேன், பழம் படம் போட்ட கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி சீரியல், சாயங்காலம் ஓட்ஸ் பிஸ்கட், ராத்திரி நூடுல்ஸ். ரூமில் ஒரு குக்கர் இருந்தால் தொலி உளுந்தும் அரிசியும் தேங்காய்த் துருவலும் பூண்டும் போட்டு உளுந்தஞ்சோறு வைத்துவிடலாம், சுலபமான வேலை. எள்ளுத் துவையல் பொடியாக அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொள்.

பேட்டை, ஒரு பெரியம்மா: நீ சொல்றது எல்லாம் சரி, அந்தப் பொடி எழுத்து எனக்குக் கண்ணு தெரியலையே?

பெரியம்மா, பேரப்பிள்ளை செல்போனில் படம் எடுத்து விரலால் பெரிசாக்கிக் காட்டச் சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் பாக்கெட்டோடு கடைக்கு வாருங்கள், வேறு கடையில் வாங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை. கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு லென்ஸ் வைத்திருக்கிறேன், மத்தியானம் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்கிறேன்.